பிரிக்காத பொட்டலம்

உ

ஈரோடு
9-5-83

அன்பு மகள் மரகதத்துக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. இந்தக் கடிதத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. மஞ்சள் கிட்டங்கியில், மூட்டைகளுக்குப் பின்னால், முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். நீயும் பதிலைக் கிட்டங்கி விலாசத்துக்கே போடு. வீட்டுக்குப் போட்டால், உன் அத்தைக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் தன் மகன் சென்னியப்பனை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அவனும் ஒரு எழுத்து விடாமல் படிப்பான். போனும் வேண்டாம். டெலிபோன் எக்சேஞ்சில் வேலை செய்கிற உனக்குத் தெரியாததா, எந்த லைனில் யார் காது இருக்கும் என்று!

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஏண்டா தம்பி, என்ற பையனுக்கும் உன்ற புள்ளைக்கும் வயசு ஏறிக்கிட்டே போவுது. முறைப் பையன் ஊட்டுக்குள்ளயே இருக்கறப்போ வெளிய எதுக்கு அலையோணும்? வைகாசில குலசாமி கிட்டப் பூக் கேட்டுப்போட்டு, ஆனியில உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணிக்கலாம்."

நான் "சரிக்கா" என்றுவிட்டேன். அந்த வீட்டில் எனக்கு வேறு வார்த்தை வராது. உன் அம்மா கண்ணை மூடியபோது உனக்கு மூன்று வயசு. அக்காவும் தாலி இழந்து, சென்னியப்பனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றவள்தான். உனக்குத் தலை பின்னி, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்து, படிக்கவும் வைத்தாள். அவளிடம் நான் எந்த வாயால் மாட்டேன் என்பது? வெளியே சொன்னால் சிரிப்பார்கள், தலை நரைத்த ஆம்பிளை அக்காவுக்குப் பயப்படுகிறானே என்று. சிரிக்கட்டும், அவர்கள் என் அக்காவைப் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு பயம். எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிற ஆபீசர் ஒருவர் சேலத்திலிருந்து கிட்டங்கிக்கு வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தார். தராசைப் பார்த்ததை விட என்னைப் பார்த்ததுதான் அதிகம். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் தண்ணீர் கேட்டார். "வீட்ல எத்தனை பேருங்க ஐயா? பொண்ணு எங்க இருக்குதுங்க?" என்றெல்லாம் விசாரித்தார். தராசு சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். தராசு சரியென்றால் என் வீட்டு ஆட்களை ஏன் எண்ண வேண்டும்? முதலாளி ஏதோ செய்து என்னை மாட்டிவிட்டாரோ என்று சோறு இறங்கவில்லை.

உன் மனசில் இருப்பதை ஒளிக்காமல் எழுது.

உன் அப்பா,
நாச்சிமுத்து


சேலம்
12-5-83

அன்புள்ள அப்பாவுக்கு, மரகதம் வணக்கம்.

கையெழுத்து ஏன் இப்படிக் கிறுக்கலாக இருக்கிறது? பாதிக் கடிதத்தை ஹாஸ்டல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த்தான் படிக்க முடிந்தது.

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். எனக்குச் சென்னியப்பன் வேண்டாம். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, தங்கமான பையன். ஆனால் ஒரே தட்டில் சோறு பிசைந்து அத்தை எங்கள் இரண்டு பேருக்கும் ஊட்டியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அம்மை போட்டு ஒரே வேப்பிலையில் படுத்திருக்கிறோம். அவன் மூக்கை நான் என் பாவாடையில் துடைத்துவிட்டிருக்கிறேன். ஊருக்கு அவன் முறைப் பையனாக இருக்கலாம். எனக்கு அவன் கூடப் பிறந்தவன். அவன் கையால் தாலி என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்ததைப் படிக்கும் முன்னால் மூட்டை மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் தராசுக்கு வந்தவர் பெயர் நல்லதம்பி. நாமக்கல் பக்கம், நம்ம சனந்தான். அவருடைய ஆபீசிலிருந்து அவர் அம்மாவுக்கு டிரங்க் கால் கேட்பார். லைனைப் போட்டுக் கொடுப்பது நான். "சாப்புட்டேங்கம்மா, ரெண்டு இட்லி கூடவே சாப்புட்டேங்கம்மா" என்று பொய் சொல்வார். ஒருநாள் நான் குறுக்கே புகுந்து, "பொய் சொல்லாதீங்க சார், காலையிலிருந்து இந்த லைனுக்குக் காத்துக்கிட்டு நீங்க ஆபீசை விட்டு வெளியவே போகலை" என்றுவிட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது. உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வேண்டாம் என்றேன், கேட்காமல் வந்துவிட்டார். திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? "தராசு நல்லா நிக்குதுங்க. உங்கப்பாதான் ரொம்ப ஆடுறாரு."

அப்பா, அத்தையிடம் சொல்ல எனக்கும் பயம்தான். நான் வந்து நின்றால் அவள் என் தலையை ஒரு தடவை தடவுவாள், நான் சரி என்றுவிடுவேன். அதனால்தான் லீவு போட்டு வரவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்,
மரகதம்


ஈரோடு
16-5-83

அன்பு மரகதம்,

உட்கார்ந்துதான் படித்தேன். அப்படியும் மூட்டை சரிந்துவிட்டது.

கண்ணு, நீ முன்னாலேயே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அவருக்கு நான் மோர் வாங்கிக் கொடுத்தேன். போகும்போது ஒரு பை விரலி மஞ்சளை நீட்டினேன். "லஞ்சமாயிருமுங்க ஐயா" என்று கையை இழுத்துக்கொண்டார். ஜெயிலுக்குத்தான் போகப் போகிறோம் என்று அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது யோசித்தால் பையன் நேர்மையானவன் என்று தோன்றுகிறது. மோர்த் தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அக்காவிடம் எப்படிச் சொல்வது? நேற்று சொல்லியே தீருவது என்று சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன். "என்னடா?" என்றாள். "உப்பு இருக்குதாக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் மறுபடியும் போனேன். அப்போதும் உப்புதான் வாயில் வந்தது. வீட்டில் இப்போது உப்பு நிறைய இருக்கிறது.

வைகாசி இரண்டாவது வெள்ளியன்று செல்லாண்டியம்மனிடம் பூக் கேட்கிறோம். நம் வீட்டில் பொட்டலம் கட்டுவது எப்போதும் நான்தானே. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். குலசாமியே வேண்டாம் என்றுவிட்டால் அக்கா மறுபேச்சுப் பேச மாட்டாள். உன் பெரியப்பா வாங்க இருந்த காட்டைக்கூடச் சிவப்புப் பூ வந்ததால்தான் விட்டார்கள்.

நான் ஒரு காரியம் செய்யப் போகிறேன். எழுதவே கை வரவில்லை. இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டப் போகிறேன்.

சாமியை ஏமாற்றுவது பாவம்தான். ஆனால் சாமி கல்லாகத்தானே உட்கார்ந்திருக்கும். அக்கா எழுந்து வருவாள். யோசித்துப் பார்த்ததில் எனக்குச் சாமியைவிட அக்காவிடம்தான் பயம் அதிகம். இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

அப்பா


சேலம்
19-5-83

அன்புள்ள அப்பா,

வேண்டாம். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? நேராக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மேலே உள்ளதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் யோசித்தேன். நீங்கள் நேராகச் சொல்லப் போவதில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் கட்டுங்கள் அப்பா. கட்டும்போது ஆத்தாவிடம் இது மரகதம் செய்யச் சொன்னது என்று சொல்லிவிடுங்கள். வருவது எனக்கு வரட்டும். முடிச்சை இறுக்கமாகப் போடுங்கள்.

மரகதம்


ஈரோடு
28-5-83

மகளுக்கு,

எல்லாம் போச்சு. ஆத்தா என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

வியாழன் சாயங்காலமே பூப் பறித்து, என் கையாலேயே இரண்டு வாழை இலைத் துண்டிலும் செவ்வரளி வைத்து, நாரில் கட்டி, பூசைத் தட்டில் வைத்து ஈரத் துணி போட்டு மூடினேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பூசாரி தட்டை ஆத்தா காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். பொங்கல் வைக்க வந்திருந்தவர்களின் சின்னப் பாப்பா ஒன்று மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. அதைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். எது எடுத்தால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்று நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

அக்கா பிரித்தாள். குலவைச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அவள் உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று நந்தியாவட்டை.

சிவப்பை வைத்தேன் கண்ணு, சத்தியமாகச் சிவப்பைத்தான் வைத்தேன். அது ஆத்தா காலடியில் வெள்ளையாகிவிட்டது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் மயங்கி விழுந்ததைப் பார்த்து எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, "வந்திருக்கறது ஆருங்க சாமி? என்ன வேணுங்க சாமி?" என்று பூசாரி கேட்டாராம். "குடிக்கத் தண்ணி" என்றேனாம். சாமி தாகமாக வந்திருக்கிறது என்று ஊரே கும்பிட்டதாம். சிரிக்காதே.

மிச்சப் பொட்டலத்தை என் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார்கள். அதைப் பிரிக்கக் கூடாது, நம் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள், மறுபடி விட ஆனி பிறக்க வேண்டும். அதுவரை அது என்னோடுதான். வீட்டில் வைக்கப் பயந்து சாப்பாட்டுப் பையில் போட்டுக் கிட்டங்கிக்குக் கொண்டுவருகிறேன். முதலாளி, "ஏனுங்க நாச்சிமுத்து, சோத்துப் பையைப் பார்த்து ஏன் பயப்படறீங்க?" என்கிறார்.

மரகதம், சாமியோடு மோத நம்மால் ஆகாது. அந்தப் பையனிடம் நல்லபடியாகச் சொல்லிவிடு. ஆனி முதல் வாரம் உப்புச்சக்கரை. நீ மாட்டேன் என்றால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உன் அம்மாவைப் பறிகொடுத்தவன் நான். உன்னையும் வைத்துச் சூதாட மாட்டேன்.

அப்பா


சேலம்
31-5-83

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். தர்மபுரிக்காரரை ஓசூருக்கும் ஓசூர்க்காரரைத் தர்மபுரிக்கும் இணைத்துவிட்டேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் மழையைப் பற்றி வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

அப்பா, நானும் ஆத்தாவைக் கும்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் சிவப்பு எப்படி வெள்ளையாகும்? வீட்டுப் பூசை அலமாரிக்குப் பூட்டு ஏது? உங்களுக்கு வந்த யோசனை வேறு யாருக்கும் வராதா? நான் பெயர் சொல்லவில்லை. என்னை வளர்த்த கையை நான் சொல்ல மாட்டேன்.

அந்த இன்னொரு பொட்டலம் உங்களிடம் இருக்கிறது. அதைப் பிரியுங்கள்.

அதில் செவ்வரளி இருந்தால், ஒரு பூவை மாற்றியது ஆத்தாதான் என்று நம்புகிறேன். வாய் பேசாமல் வந்து சென்னியப்பனுக்குக் கழுத்தை நீட்டுகிறேன். இது உங்கள் மேல் சத்தியம். வெள்ளை இருந்தால், நீங்கள் அத்தையிடம் வாயைத் திறக்க வேண்டும். உப்பு கேட்க அல்ல.

இதை எழுதிவிட்டேனே தவிர எனக்கும் பயம்தான். சிவப்பாக இருந்துவிட்டால் என் கதி என்ன? அவரிடம் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "ரெண்டு தட்டையும் பார்க்காம எடை சொல்ல முடியாதுங்க. எதுவா இருந்தாலும் பார்த்திரச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு அவர் அம்மாவுக்கு டிரங்க் கால் கேட்கவும் இல்லை.

உங்கள் மகள்,
மரகதம்


(தபால் கார்டு)

ஈரோடு
11-6-83

மரகதத்துக்கு ஆசீர்வாதம். புதன்கிழமை வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள். அக்காவும் நானும் போகிறோம். அந்தச் சாமான் அப்படியே என்னிடம் இருக்கிறது. எத்தனையோ தடவை கையில் எடுத்தேன். முடிச்சில் விரல் வைத்தாலே உன் முகம் வருகிறது. என்னால் முடியவில்லை கண்ணு. அப்பாவை மன்னித்துவிடு. சென்னியப்பன் உப்புச்சக்கரைக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறான்.

நாச்சிமுத்து


உ

ஈரோடு
17-6-83

என் கண்ணு மரகதத்துக்கு,

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். அதிலிருந்தே நீ பாதி தெரிந்துகொள்ளலாம்.

புதன்கிழமை போனோம். புதுத் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. அக்கா கும்பிட்டுவிட்டு, "ஏண்டா பாத்துக்கிட்டே நிக்கறே? உடுடா" என்றாள். பொட்டலத்தைத் தண்ணீருக்கு நேராகக் கொண்டுபோனேன். நீ என் மேல் வைத்த சத்தியம் ஞாபகம் வந்தது. இதை விட்டுவிட்டால், ஆயுசுக்கும் ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் இந்தப் பொட்டலத்தைத்தான் பார்ப்பேன் என்று தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நாரைப் பிய்த்தேன். அக்கா "டேய்" என்று ஒரு சத்தம் போட்டாள். கண்ணைத் திறந்தால், காய்ந்து பழுப்பேறி, நந்தியாவட்டை.

வாயைத் திறந்தேன் மரகதம். இந்தத் தடவை உப்பு கேட்கவில்லை. "அக்கா, நான் ரெண்டுலயும் செவப்பைத்தான் வெச்சேன்."

"தெரியும்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு ராத்திரி நானும் ரெண்டு வெள்ளைப் பூவை மடியில கட்டிக்கிட்டுப் பூசைத் தட்டுக்கிட்ட வந்தேன்டா. மாத்தி வெக்கலாம்னு ஒண்ணைப் பிரிச்சேன், செவப்பு. செரி, இன்னொண்ணு வெள்ளையா இருக்கும்னு அதையும் பிரிச்சேன். அதுலயும் செவப்பு. அப்படியே உக்காந்துட்டேன். என்ற தம்பிக்கு என்ற பையன் வேண்டாம்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ரெண்டுலயும் வெள்ளையை வெச்சுக் கட்டிப்போட்டேன். இத்தனை நாளா நீ சொல்லுவே சொல்லுவேன்னு பாத்தேன். உப்பு இருக்குதா உப்பு இருக்குதான்னு கேட்டுக்கிட்டே நின்னியே தவிர, ஒரு வார்த்தை வந்துதா? நீ வேண்டாம்னா நான் என்ன உன்னை முழுங்கியா போட்டிருப்பேன்?"

"முழுங்கியிருப்பேக்கா" என்றேன்.

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு போய் அழுகை மட்டும் நின்றது. "எனக்குப் பயம்டா தம்பி. மரகதம் கண்ணாலமாகி வெளியூரு போயிருவா. என்ற பையனுக்கு வர்றவ எப்படியோ! அவ ஒரு நாள் போன்னு சொன்னா நான் எங்க போவேன்? இது உன்ற ஊடு. உன்ற புள்ளையே மருமகளா இருந்தா என்னை ஆரும் போன்னு சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

உன் அத்தைக்குப் பயம் இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இத்தனை வருஷமும் அவளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில், "இது உன்ற ஊடுக்கா! ஆரு போன்னாலும் போகாதே! நானே போன்னாலும் போகாதே!" என்று கத்திவிட்டேன். எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் அவளை அதட்டியது இதுதான் முதல் தடவை. அவள் அதைக் கேட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சத்தம் போடாதடா, பசிக்குது, வா போலாம்" என்றாள்.

வழியில் நல்லதம்பியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து சென்னியப்பனிடமும் சொன்னோம். "அப்ப மரகதத்தைக் கட்டிக்க வேண்டாங்களா மாமா?" என்று கேட்டு, பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொண்டான். "அம்மாவுக்குப் பயந்துக்கிட்டு நானும் சொல்லலீங்க" என்றான். இந்த வீட்டில் யாரைத்தான் நம்புவது? தைத்த சட்டையை உன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்கிறானாம்.

இனி எழுதுவது அக்கா சொல்லச் சொல்ல:

"மரகதம், கண்ணு, உன்ற அத்தை மேல கோவமா? மூணு வயசுல என்ற மடியில வந்து படுத்தியே, அந்த மடியில பூவை ஒளிச்சு வெச்சுட்டனேன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கலை. அந்த எடை போடற தம்பியை ஞாயித்துக்கெழமை வரச் சொல்லு. அவன் கல்லை எடை போடட்டும், நான் அவனை எடை போட்டுப் பாக்கறேன். கிட்டங்கி மோரைக் குடிச்சு வயித்தைக் கெடுத்துக்க வேண்டாம்னு சொல்லு. தலைக்குச் சீயக்காய் போடறியா இல்லையா? எழுதச் சொன்னா இவன் எழுதாம என்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கறான்."

மறுபடி அப்பா எழுதுவது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. குலசாமியிடம் கேட்காமல் கல்யாணம் ஆகாது, அதில் அக்கா ஒரே பிடியாக நிற்கிறாள். ஏமாற்றியதற்கு முதலில் ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டு விளக்குப் போட வேண்டும், பிறகு உனக்கும் நல்லதம்பிக்கும் முறைப்படி பூக் கேட்க வேண்டும் என்கிறாள். சிவப்பு வந்துவிட்டால்? நேற்று முழுக்க அதே நினைப்புதான்.

இன்றைக்கு வெள்ளி. இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயிலுக்குக் கிளம்புகிறோம். பொட்டலம் நான்தான் கட்டினேன். பூவைப் பறித்து வந்து என் கையில் கொடுத்தது உன் அத்தை. இரண்டு பூ கொடுத்தாள், இரண்டும் நந்தியாவட்டை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "என்னடா பாக்கறே? கட்டு" என்றாள். கட்டிவிட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது கண்ணு. ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் அக்கா இருக்கிறாள்.

உன் அப்பா,
நாச்சிமுத்து